முதுகுக்குப் பின்னால் ஒரு புண்

படுத்த படுக்கையாகிவிட்டவர்களின் ரணங்களை வீடு தேடிச் சென்று கவனிக்கிறார்கள் கேரளத்தின் சமுதாய நர்ஸ்கள். செலவு சொற்பம், பலன் பெரிது. நாட்டின் மற்ற பகுதிகளில் இந்த வேலை யார் பொறுப்பு?

காலை ஒன்பதரை மணி வாக்கில் மலப்புரம் மாவட்டத்தின் கிராமப் பஞ்சாயத்து ஒன்றிலிருந்து ஜீப் புறப்படுகிறது. உள்ளே ஒரு நர்ஸ், ஓர் ஆஷா பணியாளர், உள்ளூர்த் தொண்டர்கள் ஒன்றிரண்டு பேர். காலடியில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் கையுறைகள், காஸ் துணி, பஞ்சு, பிளாஸ்டர், இடுக்கி, கத்தரி, சிறுநீர்க் குழாய்கள், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, கொஞ்சம் மாத்திரைகள், ஒரு சிறிய சீசாவில் டர்பன்டைன் எண்ணெய். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் யாரும் இந்தப் பெட்டியைத் திறந்து பார்த்து வியக்கப்போவதில்லை. வியக்க வேண்டியது அது போய்ச் சேரும் இடங்களைப் பார்த்துத்தான். தார்ச் சாலை முடிந்து, செம்மண் பாதை முடிந்து, பாக்குத் தோப்புக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் நடந்துபோக வேண்டிய வீடுகள் அவை.

அந்த வீடுகளின் கடைசி அறையில் யாரோ ஒருவர் படுத்திருப்பார். பக்கவாதம் வந்த பெரியவராக இருக்கலாம். பாக்கு மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்த இளைஞராக இருக்கலாம். புற்றுநோய் முற்றிய பெண்ணாக இருக்கலாம். வீட்டார் வழக்கமாகச் சொல்லும் முதல் வார்த்தை: “சின்னப் புண்தான் சிஸ்டர்.”

அனுபவமுள்ள நர்ஸ் உடனே புண்ணைப் பார்ப்பதில்லை. கட்டிலருகே உட்கார்ந்து, தூங்கினாரா, சாப்பிட்டாரா, வலி எப்படி என்று கேட்கிறார். ஜன்னலைத் திறந்துவிடுகிறார். அதன் பிறகே நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகைப் பார்க்கிறார். முதுகெலும்பு முடியும் இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. கையுறை அணிந்த விரலால் மெல்லத் தடவிப் பார்த்தால்தான் தெரிகிறது, உள்ளே அது தேங்காய் மூடி அளவுக்குக் குடைந்துகொண்டு போயிருக்கிறது. வெளியே சிறியது, உள்ளே பெரியது: படுக்கைப் புண்ணின் சுபாவமே இதுதான்.

இந்தப் புண்ணுக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளில் தனியாக ஒரு துறை கிடையாது. மூளையைப் பார்த்த டாக்டர் மூளையைச் சரிசெய்து அனுப்பிவிட்டார். எலும்பைப் பார்த்தவர் எலும்பைப் பொருத்தி அனுப்பிவிட்டார். டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரியில் “வீட்டில் வைத்துக் கவனிக்கவும்” என்று இருக்கும். யார் கவனிப்பது, எப்படிக் கவனிப்பது என்பது சீட்டில் இருக்காது. அங்கிருந்துதான் சமுதாய நர்ஸின் வேலை ஆரம்பமாகிறது.

எலும்புக்கும் பாய்க்கும் நடுவே

படுக்கைப் புண் கிருமியால் ஆரம்பிப்பதில்லை. அழுத்தத்தால் ஆரம்பிக்கிறது. எலும்புக்கும் பாய்க்கும் நடுவே சிக்கிக்கொண்ட சதையில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. ரத்தம் போகாத சதை சில மணி நேரத்தில் சாக ஆரம்பிக்கிறது. நம்மைப் போன்றவர்கள் தூக்கத்திலும் புரண்டு புரண்டு படுப்பது வெறும் பழக்கமல்ல, உடம்பின் தற்காப்பு. புரள முடியாதவருக்கோ, புரள வேண்டும் என்ற உணர்வே இல்லாதவருக்கோ அந்தத் தற்காப்பு போய்விடுகிறது. முதுகின் கீழ் நுனி, இடுப்பின் இரு பக்கங்கள், குதிகால், முழங்கை, பின்னந்தலை என்று எலும்பு தோலுக்கு அருகில் இருக்கும் இடங்களிலெல்லாம் ஆபத்து காத்திருக்கிறது. சிறுநீரில் ஊறிய துணியும், ஆளைத் தூக்காமல் இழுக்கும்போது ஏற்படும் உராய்வும் அதை விரைவுபடுத்துகின்றன.

முதல் அடையாளம் சிவப்பு. விரலால் அழுத்தினால் வெளுத்து மீண்டும் சிவக்க வேண்டும். வெளுக்கவில்லை என்றால் உள்ளே சேதம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஆனால் இந்தச் சோதனை வெள்ளைத் தோலை மனதில் வைத்து எழுதப்பட்டது. நம்முடைய கறுத்த தோலில் சிவப்பு சுலபத்தில் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் கருமையாக, சூடாக, கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். பாடப் புத்தகத்தை மட்டும் நம்பும் நர்ஸ் இங்கே கோட்டைவிடக் கூடும்.

இந்தப் புண் உயிரைக் குடிக்கும் என்பதற்குச் சரித்திரமே சாட்சி. முதுகுத் தண்டு முறிந்த போர்வீரர்கள் ஒரு காலத்தில் பெரும்பாலும் மாண்டது படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும்தான். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் ஆஸ்பத்திரியில் முதுகுத் தண்டுப் பிரிவைத் தொடங்கிய டாக்டர் லுட்விக் குட்மன், இரவு பகல் பாராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைக்க ஏற்பாடு செய்தார். சாக வேண்டியவர்கள் என்று கைகழுவப்பட்டவர்கள் பிழைத்தார்கள். புதிய மருந்து எதுவும் தேவைப்படவில்லை. கைகளும் கடிகாரமும் போதுமானதாக இருந்தன.

கோழிக்கோட்டில் தொடங்கியது

கைகளுக்கு எங்கே போவது? கேரளம் இந்தக் கேள்விக்கு ஒரு விடை கண்டது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் ஆகியோர் சில நண்பர்களோடு சேர்ந்து ‘பெயின் அண்ட் பாலியேடிவ் கேர் சொசைட்டி’யைத் தொடங்கினார்கள். புற்றுநோயாளிகளின் வலியைக் குறைப்பதே ஆரம்ப நோக்கம். போகப்போக இரண்டு உண்மைகள் புலப்பட்டன. ஒன்று, ஆஸ்பத்திரிக்கு வர முடிந்தவரைவிட வர முடியாதவருக்கே அதிக உதவி தேவை. இரண்டு, அவருடைய கஷ்டத்தில் மருத்துவப் பிரச்சினை ஒரு பங்குதான். அரிசி, பள்ளிக்கூடக் கட்டணம், தனிமை எல்லாம் மீதிப் பங்கு.

இதற்கு டாக்டர்கள் மட்டும் போதாது. ஊரே இறங்க வேண்டும். 1990களின் கடைசியிலும் அடுத்து வந்த ஆண்டுகளிலும் மலப்புரம், கோழிக்கோடு, வயநாடு என்று வட கேரளம் முழுவதும் அக்கம்பக்கத்தாரைக் கொண்ட குழுக்கள் முளைத்தன. கடைக்காரர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், மாணவர்கள் சில்லறையாகச் சேர்த்துக் கொடுத்த பணத்தில் ஜீப்புகள் ஓடின. அடிப்படைப் பயிற்சி பெற்ற தொண்டர்கள் நோயாளிகளின் வீட்டுப் படியேறினார்கள்.

2008இல் கேரள அரசு வலி தணிப்பு மற்றும் ஆதரவுச் சிகிச்சைக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. இந்தியாவில் ஒரு மாநில அரசு அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. அதன்படி இந்தப் பணி உள்ளாட்சிகளின் பொறுப்பானது. மாநிலத்தில் 941 கிராமப் பஞ்சாயத்துகள். ஆரம்ப சுகாதார நிலையத்தை மையமாக வைத்து, இதற்கென்று மூன்று மாதப் பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர் வீடு வீடாகப் போகிறார். அவரால் சமாளிக்க முடியாத நோயாளிகளை அடுத்த கட்ட மருத்துவமனைக் குழு பார்க்கிறது. கோழிக்கோட்டில் உள்ள இன்ஸ்டிடியூட் ஆஃப் பாலியேடிவ் மெடிசினை 2010இல் உலக சுகாதார நிறுவனம் தன் ஒத்துழைப்பு மையமாக அங்கீகரித்தது.

புற்றுநோய் வலிக்காகத் தொடங்கிய ஜீப் இன்று பெரும்பாலும் நிற்பது முதியவர்களின் வீட்டிலும் பக்கவாதக்காரர்களின் வீட்டிலும்தான். அங்கே நர்ஸின் நேரத்தை அதிகம் எடுத்துக்கொள்ளும் வேலைகளில் முக்கியமானது புண் கட்டுவது.

ஈரமே மருந்து

நர்ஸ் வருவதற்கு முன்பே அந்தப் புண் பல வைத்தியங்களைப் பார்த்திருக்கும். மஞ்சள், காபித் தூள், புகையிலை, எதுவும் விலக்கல்ல. படித்த வீடுகளில் ஸ்பிரிட், டிஞ்சர், ஹைட்ரஜன் பெராக்சைடு. நுரை பொங்கினால் புண் சுத்தமாகிறது என்று நம்பிக்கை. உண்மையில் கிருமிகளோடு புதிதாகத் துளிர்க்கும் இளம் சதையும் சேர்ந்தே கருகுகிறது. அதைவிட ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை, புண் காய வேண்டும் என்பது. மின்விசிறிக்கு நேராகத் திறந்து வைப்பார்கள். பவுடர் தூவுவார்கள்.

1962இல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆராய்ச்சியாளர் இங்கிலாந்தில் பன்றிகளின் தோலில் சிறு காயங்கள் உண்டாக்கிச் சோதித்துப் பார்த்தார். காற்றில் காயவிட்ட காயங்களைவிட, மெல்லிய பாலிதீன் தாளால் மூடி ஈரமாக வைத்தவை ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் மூடின. புதிய தோல் செல்கள் ஈரத்தில்தான் நகரும். காய்ந்த பொருக்கு அவற்றின் வழியை அடைத்துக்கொள்ளும். உலகத்தின் புண் சிகிச்சையை மாற்றிய ஆய்வு இது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் நம் வீடுகளுக்கு இந்தச் செய்தி சரியாக வந்து சேரவில்லை.

சமுதாய நர்ஸ் செய்வது ரொம்பவும் எளிமையானது. அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டு, ஆறவைக்கிறார். பழைய கட்டு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்த்து எடுப்பதில்லை. உப்புத் தண்ணீரில் நனைத்து, தானாக நெகிழும்வரை காத்திருக்கிறார். அதே தண்ணீரால் புண்ணைக் கழுவுகிறார். செத்துப்போன கறுப்புச் சதையைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்குகிறார். குழியை இறுக்கி அடைக்காமல், நனைத்த காஸ் துணியால் தளர்வாக நிரப்பி, மேலே உலர்ந்த பஞ்சு வைத்து மூடுகிறார். கடையில் விற்கும் நவீன கட்டுகளின் விலை பல குடும்பங்களுக்கு எட்டாதது. ஆகவே பழைய பருத்தி வேட்டியையும் புடவையையும் துவைத்து, வெயிலில் உலர்த்தி, துண்டு போட்டு, பிரஷர் குக்கரில் ஆவியில் வைத்து எடுக்கச் சொல்லிக் கொடுக்கிறார். இட்லி வேகும் பாத்திரத்திலேயே ஆஸ்பத்திரித் துணியும் தயாராகிறது.

மலிவான கட்டுகளைத் தேடியவர்கள் நகரத்து ஆஸ்பத்திரிகளிலும் உண்டு. மும்பை சயன் பகுதியில் உள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனையின் சர்ஜன்கள், தீக்காயங்களையும் தோல் எடுத்த இடங்களையும் மூட வாழையிலையைப் பயன்படுத்திப் பார்த்து 2003இல் மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். இலை புண்ணில் ஒட்டவில்லை. எடுக்கும்போது நோயாளிக்கு வலிக்கவில்லை. சுத்திகரித்த இலை என்பது முக்கியம். தோட்டத்தில் அறுத்து அப்படியே வைப்பதல்ல.

அடுத்த சண்டை சமையலறையில். புண் இருந்தால் மீன் கூடாது, முட்டை கூடாது, பருப்பு சேர்த்தால் சீழ் பிடிக்கும் என்று பத்தியம் போடாத வீடு தென்னிந்தியாவில் குறைவு. ரசம் சாதத்தோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் குழிவிழுந்த சதையை உடம்பு எதைக் கொண்டு நிரப்பும்? புரதத்தைக் கொண்டுதான். ஆழமான புண்ணிலிருந்து வடியும் நீரிலும் தினமும் புரதம் வீணாகிறது. பத்தியம் காக்கும் வீட்டில் புண்ணும் பத்திரமாகக் காக்கப்படுகிறது. நர்ஸ் இதில் வாக்குவாதம் செய்வதில்லை. “தினம் ஒரு முட்டை கொடுத்துப் பாருங்கள், அடுத்த வாரம் வருகிறேன்” என்கிற தோரணையில் பேசி, புண்ணை அளந்து நோட்டில் குறித்துவைத்துக்கொள்வார். அடுத்தடுத்த அளவுகள் அவருக்காக வாதாடும்.

ஆற்ற முடியாத புண்

எல்லாப் புண்ணும் ஆறுவதில்லை. இந்திய ஆண்களிடம் அதிகமாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். புகையிலையும் குட்காவும் தந்த பரிசு. முற்றிய நிலையில் கன்னத்தைத் துளைத்துக்கொண்டு புண் வெளியே வருகிறது. பெண்களுக்கு மார்பகத்தில் வருகிறது. வெட்கத்தினால் மாதக்கணக்கில் முந்தானைக்குள் மறைத்துவைத்து, மறைக்க முடியாத கட்டத்தில் வெளியே சொன்னவர்கள் ஏராளம்.

இந்தப் புண்ணில் வலியைவிடக் கொடியது நாற்றம். பேரக் குழந்தைகள் கிட்டே வருவதில்லை. தட்டு வாசற்படியோடு நின்றுவிடுகிறது. நோயாளியே ஒரு கட்டத்தில் யாரும் வர வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொள்கிறார். சாவதற்கு முன்பே ஒரு சாவு.

இதற்கு மருந்து இருக்கிறது, அதுவும் மிக மலிவாக. நாற்றத்துக்குக் காரணம் காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகள். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் அதே மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துக் கழுவிய புண்ணின் மேல் தூவிக் கட்டினால் ஒரு சில நாளில் நாற்றம் வெகுவாக அடங்கிவிடுகிறது. ரத்தம் கசியும் புண் என்றால் கரும்பச்சை, கருநீலம் போன்ற அடர்ந்த நிறத் துண்டுகளைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். வெள்ளைத் துணியில் பரவும் சிவப்பு நோயாளியையும் வீட்டையும் ஒருசேரக் கலங்க அடிக்கும். வலி கடுமையாக இருந்தால், கட்டு மாற்றுவதற்கு அரை மணி நேரம் முன்னதாகவே மார்பின் மாத்திரை. 1985ஆம் ஆண்டு போதைப் பொருள் சட்டத்தின் கெடுபிடியால் அந்த மாத்திரை பல மாநிலங்களில் கண்ணில் படாமலே போனது. 2014இல்தான் சட்டம் திருத்தப்பட்டு வழி சற்றே திறந்தது.

சில நேரம் புழு வைத்துவிடும். வீட்டார் கூனிக்குறுகிப் போவார்கள். முன் ஜென்மப் பாவம் என்று நினைப்பவர்களும் உண்டு. ஈ உட்கார்ந்ததால் வந்தது, அவ்வளவுதான் என்று நர்ஸ் சொல்கிறார். காஸ் துணியில் டர்பன்டைன் எண்ணெயை நனைத்துப் புண்ணருகே பிடித்தால் புழுக்கள் வெளியே வருகின்றன. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்கிறார். பிறகு பகலிலும் கொசுவலை கட்டச் சொல்கிறார். இந்தப் புண் ஆறப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும், வீட்டாருக்கும் தெரியும். ஆனால் சாயங்காலம் பேரன் கட்டிலில் ஏறி உட்கார்ந்தால் வைத்தியம் பலித்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

வலிக்காத புண்

வலிக்கும் புண்ணைவிட மோசமானது வலிக்காத புண். இதை உலகுக்குச் சொன்ன இடங்களில் ஒன்று வேலூர். கொல்லிமலையில் பிறந்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக அழுகி விழுகின்றன என்ற நம்பிக்கையை ஏற்க மறுத்தார். நரம்பு செத்துப்போனதால் வலி தெரியவில்லை. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், ஆணி குத்திய காலோடு நடக்கிறார்கள். தூங்கும்போது எலி கடிப்பதுகூடத் தெரியவில்லை என்று கண்டுபிடித்து, வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பியதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். புண்ணின் மேல் பூசுவதைவிட, புண்பட்ட காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தை நீக்குவதே அதை ஆற்றும் என்பது வேலூரும் கரிகிரியும் நிலைநாட்டிய பாடம்.

2005 இறுதியில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற கணக்கில் தேசிய அளவில் தொழுநோய் ஒழிந்ததாக இந்தியா அறிவித்தது. கிருமி ஒழிந்தாலும் மரத்துப்போன கால்கள் ஒழிவதில்லை. மருந்து சாப்பிட்டுக் குணமாகி இருபது வருஷம் ஆன பிறகும் பாதத்தில் ஆறாத ரணத்தோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். தினமும் அரை மணி நேரம் தண்ணீரில் காலை ஊறவைப்பது, தடித்த தோலைத் தேய்த்து எடுப்பது, ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவுவது, மென்மையான எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு அணிவது, ராத்திரி படுக்கும் முன் பாதத்தைக் கண்ணால் பார்ப்பது. இவ்வளவுதான் வைத்தியம். வலிக்குப் பதில் கண்ணைக் காவலுக்கு வைப்பது என்று சொல்லலாம்.

இதே பாடம் இன்று இன்னும் பெரிய கூட்டத்துக்குத் தேவைப்படுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடிப் பேர். பலருக்குப் பாத நரம்பு மரத்துவிடுகிறது. சித்திரை வெயிலில் கோவில் பிரகாரத்தை வெறுங்காலோடு சுற்றிவிட்டு வந்து, மறுநாள் காலையில் உள்ளங்கால் கொப்பளத்தைப் பார்த்துத் திடுக்கிடுபவர்கள் இவர்கள். ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று சோதிக்க ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம் கிடைக்காமல் போனால், பல மாதம் கழித்து விரலோ காலோ போகக்கூடும்.

விழித்திருப்பது யார்?

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும் என்று எழுதுவது சுலபம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை. ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிக்குள் மட்டும் நான்கு தடவை. அறுபது கிலோ எடையுள்ள கணவரை நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள மனைவி புரட்ட வேண்டும். பெரும்பாலும் பெண்கள்தான்: மனைவி, மருமகள், கல்யாணம் ஆகாத மகள். மகன்கள் வளைகுடாவில். படுக்கைப் புண்ணைக் கண்ட சொந்தக்காரர்கள் முதலில் விரல் நீட்டுவது இவர்களை நோக்கியே. அதனால்தான் “சின்னப் புண்தான் சிஸ்டர்.” வெளியே தெரிந்தால் அவமானம்.

முதுகுப் புண்ணுக்கும் அவமானத்துக்கும் உள்ள உறவு தமிழுக்குப் புதிதல்ல. மார்பில் பட்டால் விழுப்புண், முதுகில் பட்டால் இழுக்கு. வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்ட சேர மன்னன் வடக்கிருந்து உயிர்விட்டதைப் புறநானூறு சொல்கிறது. அதே புறநானூற்றில், புண்பட்டுக் கிடக்கும் கணவனை வீட்டில் வைத்து வேப்பிலை செருகி, ஐயவி புகைத்துக் காக்கும் மனைவியும் வருகிறாள். அதற்குத் தொடாக்காஞ்சி என்று தனித் துறையே வகுத்தார்கள். புண்பட்டவனைப் பாடியதோடு, பார்த்துக்கொண்டவளையும் பாடத் தோன்றியிருக்கிறது. இன்றைய சுகாதாரத் திட்டங்களில் அவளுக்கு என்ன இடம் என்பதுதான் கேள்வி.

நல்ல நர்ஸ் குற்றம் சாட்டுவதில்லை. எந்தப் பக்கம் தலையணை கொடுத்தால் குதிகால் மெத்தையில் படாது, பாயோடு சேர்த்து இழுக்காமல் போர்வையைப் பிடித்து எப்படித் தூக்குவது, முப்பது டிகிரி சாய்வு எவ்வளவு என்று கைபிடித்துக் காட்டுகிறார். காற்று மெத்தை இருந்தால் புரட்டும் இடைவெளியைச் சற்று நீட்டலாம் என்பதால், இறந்துபோன நோயாளியின் வீட்டிலிருந்து திரும்பி வந்த மெத்தையை இந்த வீட்டுக்குக் கொண்டுவருகிறார். ராத்திரி ஒரு முறை மாற்ற பக்கத்து வீட்டுத் தொண்டர் வர முடியுமா என்று பேசிப் பார்க்கிறார். மனைவியின் முதுகு வலியையும் கேட்டுக்கொள்கிறார். புண்ணுக்குக் கட்டுப் போட எடுத்துக்கொண்ட நேரத்தைவிட இதற்கெல்லாம் பிடிக்கும் நேரம் அதிகம்.

கேரளத்திலும் எல்லாம் சரியாக இல்லை. பஞ்சாயத்து நர்ஸ்கள் பலர் ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்ப்பவர்கள். ஒருவர் பார்க்க வேண்டிய வீடுகள் ஏராளம். மாதத்துக்கு ஒரு தடவை ஜீப் வரும் வீட்டில், ஆழமான புண்ணின் மீதி இருபத்தொன்பது நாளும் குடும்பத்தின் கையில்தான். குடும்பமே இல்லாத முதியவருக்கு யார் கை? தொண்டர்கள் உள்ள ஊரில் விடை இருக்கிறது. இல்லாத ஊரில் இல்லை.

மற்ற மாநிலங்களில்

காகிதத்தில் பார்த்தால் நாடு முழுவதும் ஏற்பாடுகள் உள்ளன. 2005 முதல் ஆஷா பணியாளர்கள் இருக்கிறார்கள். 2012இல் மத்திய அரசு தேசிய வலி தணிப்புச் சிகிச்சைத் திட்டத்தை அறிவித்தது. ஆனால் அதற்கென்று தனி நிதி ஒதுக்கீடு வரவில்லை. 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் சுகாதார நல மையங்களின் சேவைப் பட்டியலில் முதியோர் கவனிப்பும் வலி தணிப்பும் சேர்க்கப்பட்டன. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் நர்ஸ், பிசியோதெரபி, வலி தணிப்பு எல்லாம் உண்டு.

எந்தத் திட்டத்தையும் சோதிக்க ஒரு சுலபமான வழி: படுக்கையில் கிடப்பவரின் முதுகைப் பார்ப்பது. கிராம சுகாதார ஊழியரின் பதிவேட்டில் கர்ப்பிணிகளுக்குப் பத்தி உண்டு, தடுப்பூசிக்குப் பத்தி உண்டு, ரத்த அழுத்தத்துக்கும் பத்தி வந்துவிட்டது. பத்தி இருப்பதைத்தான் மேலதிகாரி கேட்பார். ஒரு ஊரில் படுத்த படுக்கையாக எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்குப் புண், போன மாதத்தைவிட அது சிறிதாகியிருக்கிறதா என்று கேட்கும் பத்தி எங்கே இருக்கிறதோ அங்கேதான் காஸ் துணியும் நேரத்துக்கு வந்து சேரும்.

பணம் இல்லை என்ற வாதம் இங்கே எடுபடாது. உப்புத் தண்ணீர், துவைத்த வேட்டி, பொடித்த மாத்திரை, செருப்பு, முட்டை. இதில் எது அரசாங்கத்தால் முடியாதது? விலை அதிகமானது ஒன்றே ஒன்று: பயிற்சி பெற்ற ஒரு மனுஷியின் நேரம். அவருக்கு ஒழுங்கான சம்பளமும் வேலை நிரந்தரமும் கொடுப்பதில்தான் அரசுகள் கை இழுக்கின்றன. ஆழமான படுக்கைப் புண் சீழ் பிடித்து, ரத்தத்தில் விஷம் ஏறி, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டால் அங்கே ஓரிரு நாளில் கரையும் பணத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

* தினமும் ஒரு முறை முதுகு, இடுப்பு, குதிகால், முழங்கை, பின்னந்தலை ஆகியவற்றை வெளிச்சத்தில் பார்க்கவும், தொட்டும் பார்க்கவும்.

* இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றவும். பாங்கு ஒலி, கோவில் மணி, டிவி தொடர் எதுவானாலும் நேரம் காட்டும்.

* சிவந்த அல்லது கறுத்த இடத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது. நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணை வேண்டாம். சுற்றிலும் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

* நனைந்த துணியை உடனே மாற்றவும். விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது.

* முட்டை, மீன், பருப்பு, பால், கடலை என்று முடிந்ததைக் கொடுக்கவும்.

* ஸ்பிரிட், பெராக்சைடு, பவுடர், பச்சிலை, காபித் தூள் வேண்டாம். சுத்தமான உப்புத் தண்ணீர் போதும். மருந்துகள் நர்ஸ் அல்லது டாக்டர் சொன்னபடி.

* காய்ச்சல், சுற்றிலும் பரவும் சிவப்பு, திடீர் நாற்றம், எலும்பு தெரிவது, பாதம் கறுப்பது: இவற்றில் எது தென்பட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதிக்க வேண்டாம்.

புண்ணுக்கு அறுபது வகைச் சிகிச்சைகளைச் சுசுருத சம்ஹிதை வகுத்து வைத்திருக்கிறது. இன்றைய மருந்துக் கடைக்குப் போனால் அதைவிட அதிகமாகக் களிம்புகள் கிடைக்கும். படுத்துக் கிடப்பவருக்கு முதலில் வேண்டியது அவற்றில் எதுவும் அல்ல. தன் முதுகைத் தானே பார்த்துக்கொள்ள யாராலும் முடியாது. இன்னொருவர் வந்து பார்க்க வேண்டும், நாளை மறுநாள் திரும்பவும் வர வேண்டும். அப்படி ஒருவரைத் தவறாமல் அனுப்பிவைப்பதற்குப் பெயர்தான் பொது சுகாதாரம்.